சேப்பல் வருகைப்பதிவு, உறுதிமொழிப் படிவம், கோப்பைகள்: கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

#1 பாதிப்பெட்டி
வணக்கம். அடுத்த கல்வியாண்டுக்கு ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. பெயர் வேண்டாம், சொன்னால் பதில் எல்லாம் அந்த ஒரே இடத்தைப் பற்றிப் போய்விடும். நான் கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்த ஆள் இல்லை. பாடத்திட்டம் பிடித்திருந்தது, விண்ணப்பித்தேன், கிடைத்துவிட்டது.

சேர்க்கைக் கடிதத்தோடு இரண்டு தாள்கள் வந்திருக்கின்றன. முதலாவது, வாரத்துக்கு இரண்டு முறை சேப்பலுக்கு, அதாவது வளாக வழிபாட்டுக்கு, வரவேண்டும், வருகை பதிவாகும், குறைந்தால் பட்டம் நிற்கும் என்கிறது. இரண்டாவது வாழ்க்கைமுறை உறுதிமொழி. குடி இல்லை, புகை இல்லை, திருமணத்துக்கு வெளியே உறவு இல்லை, இத்தனை மணிக்கு மேல் எதிர்பாலர் அறைக்குப் போகக் கூடாது. கடைசி வரி, 'ஒருவரை ஒருவர் அன்பில் கடிந்துகொள்வோம்.' இது என்னவென்றே புரியவில்லை.

கூடவே பளபளவென்று ஒரு கையேடு. நடுப்பக்கத்தைப் பிரித்தால் இடப்புறம் கண்மூடி ஜெபிக்கிற மாணவர்கள், வலப்புறம் கோப்பை தூக்குகிற அணி. இந்த இரண்டு படத்துக்கும் நடுவே ஸ்டேப்ளர் பின் மட்டும்தானா, வேறு தொடர்பு ஏதாவது உண்டா? அதுதான் என் கேள்வி.

படித்தவர்கள், பாடம் எடுத்தவர்கள், வெறுத்து ஓடிவந்தவர்கள், யார் வேண்டுமானாலும் எழுதலாம். கையெழுத்துப் போட இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.

#2 எதிர்க்கட்சி
போடாதீர்கள்.

கட்டாயப்படுத்தி உட்காரவைத்தால் அது பக்தி ஆகாது, இன்னொரு வகுப்பு. ஒருகாலத்தில் அவர்களுக்கே இது புரிந்தது. போதகர்களுக்குக் கல்வி தரவேண்டும் என்ற எண்ணத்தோடு தொடங்கிய ஹார்வர்டு, 1886 இலேயே கட்டாய ஜெபத்தைக் கைவிட்டது. யேல் 1926 இல் விட்டது. பிரின்ஸ்டன் 1964 இல் கடைசிக் கட்டாயத்தையும் எடுத்தது. அதனால் அங்கெல்லாம் படிப்பு கெட்டுப்போனதா?

#3 சாக்பீஸ்
படிப்பு கெடவில்லை, உண்மைதான். ஆனால் அந்த மூன்றையும் இன்று யாரும் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் என்று சொல்வதில்லை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மற்றவர்கள் பயப்படுவது அதற்குத்தான். நான் இப்படி ஒரு நிறுவனத்தில் பதினாறு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். ஆசிரியர் கூட்டத்தில் சேப்பல் பேச்சு வந்தால் யாராவது ஹார்வர்டு பெயரை எடுப்பார். அப்புறம் கூட்டம் முடிகிறவரை வேறு பேச்சு நடக்காது.

தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சேப்பல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்கக் கிறிஸ்தவக் கல்லூரிகளையே பாருங்கள். கால்வினில் சேப்பல் நேரத்துக்கு வகுப்புகளை நிறுத்திவைத்திருக்கிறார்கள், ஆனால் வருகை எடுப்பதில்லை. போகிறவர் போகலாம், நூலகப் படியில் உட்கார்ந்திருக்கிறவர் உட்கார்ந்திருக்கலாம். வீட்டனில் கட்டாயம். பேய்லரில் புதிதாகச் சேர்பவர்களுக்கு இரண்டு பருவம் மட்டும். நோட்ர டாமில் கட்டாயமே இல்லை, ஆனால் மாணவர் விடுதி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிற்றாலயம் உண்டு. ஞாயிறு இரவுத் திருப்பலிக்குப் பையன்கள் படுக்கையிலிருந்து எழுந்த கோலத்திலேயே இறங்கி வருவார்கள். இதில் எது 'அதிகக் கிறிஸ்தவம்' என்று என்னைக் கேட்டால் எனக்கு முடிவு இல்லை.

'அன்பில் கடிந்துகொள்ளுதல்' பைபிளில் மத்தேயு நற்செய்தியின் 18 ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. ஒருவன் தப்புச் செய்தால் முதலில் அவனைத் தனியாகப் பார்த்துச் சொல். கேட்காவிட்டால் இரண்டொருவரை அழைத்துக்கொண்டு போ. சபைக்குக் கொண்டுபோவதெல்லாம் அதற்குப் பிறகுதான். நடைமுறையில் முதல் இரண்டு படியையும் தாண்டி நேரே மூன்றாவதற்குப் போகிறவர்கள் உண்டு. அந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

#4 பாதிப்பெட்டி
நன்றி ஐயா. சின்னத் திருத்தம்: தம்பி இல்லை, தங்கை.

#5 சாக்பீஸ்
மன்னிக்கணும்மா. பதினாறு வருட அனுபவத்தின் லட்சணம்.

#6 பின்வரிசை
சேப்பலை ஏமாற்றியவன், பிறகு சேப்பலின் வாசலில் நின்றவன் என்ற இரண்டு தகுதியில் எழுதுகிறேன்.

எங்கள் அரங்கத்துக்கு முன்கதவு இரண்டு, பக்கக் கதவு ஒன்று. அடையாள அட்டையை ஸ்கேன் செய்வது முன்கதவில் மட்டும். ஆகவே முன்னால் நுழைந்து, 'பீப்' கேட்டு, தூணுக்குப் பின்னால் போய்ப் பக்கக் கதவு வழியாக வெளியே வந்துவிடலாம். முதல் ஆண்டு முழுக்க அதைத்தான் செய்தேன். இரண்டாம் ஆண்டில் இன்னும் தேறிவிட்டேன். தூங்குகிற நான்கு நண்பர்களின் அட்டையும் என் சட்டைப்பையில். ஐந்து பீப், ஒரு ஆள்.

ஒரு நாள் பக்கக் கதவில் சாப்ளின் நின்றுகொண்டிருந்தார். (தமிழில் எழுதினால் சார்லிதான் நினைவுக்கு வருகிறார், என்ன செய்ய? பல்கலைக்கழகப் போதகர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) கதவைக் கையால் திறந்து பிடித்தபடி, வெளியே போகிற ஒவ்வொருவருக்கும் காலை வணக்கம் சொன்னார். அவ்வளவுதான். பெயர் கேட்கவில்லை, குறித்துக்கொள்ளவும் இல்லை. பன்னிரண்டு பேர் அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனோம்.

அடுத்த வாரம் கூப்பிட்டனுப்பினார். முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டு போனேன். 'ஸ்கேனரைப் பிடிக்க ஆள் இல்லை, நீ நிற்கிறாயா?' என்றார். அட்டை விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒன்றரை வருடம் நின்றேன்.

அங்கே நின்றபோதுதான் யார் வருகிறார்கள் என்று பார்த்தேன். சிலர் அட்டையை நீட்டும்போதே கண் வேறெங்கோ இருக்கும். சிலர் கூட்டணி போட்டு வருவார்கள். ஒரு முனைவர் பட்ட மாணவி இருந்தார், வேறு மதம். முதுநிலைக்கு மேல் யாருக்கும் சேப்பல் கட்டாயம் இல்லாததால் அவர் அட்டையை வைத்தால் கருவி சிவப்பு விளக்குக் காட்டிக் கத்தும். ஆனாலும் தவறாமல் வருவார், தவறாமல் அட்டையை நீட்டுவார். கருவியைக் கத்தவைப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம் என்று நினைக்கிறேன். ஏன் வருகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். 'இந்த இருபது நிமிடம்தான் என் ஆய்வு எந்த நிலையில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை' என்றார்.

தங்கை, என் அனுபவத்தில் கட்டாயம் எனக்குக் கற்றுக்கொடுத்தது பக்கக் கதவைத்தான். சேப்பல் என்றால் என்ன என்று காட்டியது கட்டாயமே இல்லாத அந்தப் பெண்.

#7 எதிர்க்கட்சி
அழகான கதை. ஆனால் எல்லோருக்கும் அந்த மாதிரிப் போதகர் வாய்ப்பதில்லை.

என் கதையையும் கேளுங்கள். இரண்டாம் ஆண்டில், வளாகத்துக்கு வெளியே, ஒரு பிறந்தநாள். ஒரு கோப்பை மது. உறுதிமொழி மீறல்தான், ஒப்புக்கொள்கிறேன். புகார் போனது. உதவித்தொகை ஒரு பருவம் நின்றது. ஒழுங்குக் குழுவில் மூன்று பேர் உட்கார்ந்து, என் 'ஆத்தும நிலை' பற்றிக் கேட்டார்கள். அதெல்லாம் போகட்டும். புகார் கொடுத்தவன் என் விடுதித் தோழன். அதற்கு முந்தின இரவு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு என் தேர்வுக்காக ஜெபித்தவன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாக்பீஸ் ஐயா சொன்ன அந்த முதல் படி இருக்கிறதே, அதைத் தாண்டிக் குதித்தவன் அவன்தான்.

இப்போது அவன் எங்கோ ஊழியத்தில் இருக்கிறான் என்று கேள்வி. நான் இந்த இழையில் இருக்கிறேன்.

#8 சாக்பீஸ்
எதிர்க்கட்சி, இதற்குச் சமாதானம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படிப்பட்ட குழுவில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். 'ஆத்தும நிலை' கேள்வியை நான் கேட்டதில்லை. பக்கத்தில் இருந்தவர் கேட்டபோது தடுக்கவும் இல்லை.

#9 குடுவை
இழை கொஞ்சம் கனமாகிவிட்டது, நான் கோப்பைப் பக்கத்துக்குப் போகிறேன். விளையாட்டுக் கோப்பை இல்லை, என் துறைக் கோப்பை. 'சேப்பலும் ஆய்வகமும் ஒத்துப்போகுமா' என்று யாராவது எப்படியும் கேட்கப் போகிறீர்கள்.

ஜூலியஸ் நியூலண்ட் என்று ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், வேதியியல்காரர். 1904 வாக்கில் அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு அசிட்டிலின் வாயுவைப் பிடித்துக்கொண்டு விதவிதமான சேர்மங்களோடு வினைபுரிய வைத்துக்கொண்டிருந்தார். ஆர்சனிக் ட்ரைகுளோரைடோடு சேர்த்தபோது வந்த பொருள் அவரையே பல நாள் படுக்கையில் போட்டது. இது ஆகாது என்று அந்தப் பக்கத்தை மூடிவிட்டார். முதல் உலகப்போரின்போது அந்த ஆய்வேட்டை வேறு ஆட்கள் தூசிதட்டி எடுத்தார்கள். லூயிசைட் என்ற நச்சு வாயு பிறந்தது அப்படித்தான்.

அதே மனிதர், அதே அசிட்டிலினோடு நோட்ர டாமில் வருடக்கணக்காக மல்லுக்கட்டினார். அவருடைய வினையை வைத்துத்தான் டூபாண்ட் நிறுவனத்தார் 1930 களின் தொடக்கத்தில் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரைக் கொண்டுவந்தார்கள். நீச்சல் உடையிலும் குழாய்களிலும் இருக்கிற அதே ரப்பர். அவரோ திருச்சிலுவைச் சபையில் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர். உரிமத்தொகை அவர் கைக்கு வரவில்லை.

ஜெபித்ததால் ரப்பர் கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன், அப்படிச் சொல்கிறவரை ஆய்வகத்துக்குள் விடவும் மாட்டேன். ஒரே கை இரண்டையும் செய்தது. பாடத்தில் இந்தக் கதையைச் சொல்லும்போது வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்துக்கொண்டால் இந்த அமைதியைத் தாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும்.

#10 எதிர்க்கட்சி
சரி, வேதியியலுக்கும் விசுவாசத்துக்கும் சண்டை வராது. பிரபஞ்சவியலுக்கு வந்துபாருங்கள்.

#11 குடுவை
வந்தேன். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927 இல் கட்டுரை எழுதிய ஜார்ஜ் லெமெட்ர், லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர், பாதிரியாரும்கூட. 1931 இல் ஆதி அணு என்ற கருத்தையும் வைத்தார். 1951 இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் இந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்று போலப் பேசியபோது லெமெட்ருக்கு அது பிடிக்கவில்லை. இயற்பியலை வேதத்துக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்பது அவர் நிலை. அங்கி போட்டவர் சொன்னது இது, நாத்திகர் சொன்னதில்லை.

#12 பழையகாகிதம்
குடுவை நல்ல பக்கத்தை மட்டும் புரட்டுகிறார். மற்ற பக்கத்தையும் நான் புரட்டுகிறேன்.

பெய்ரூத். 1866 இல் அமெரிக்க மிஷனரிகள் சிரியப் புராட்டஸ்டண்ட் கல்லூரியைத் தொடங்குகிறார்கள். இன்றைய பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகம் அதுதான். 1882 இல் எட்வின் லூயிஸ் என்ற ஆசிரியர் பட்டமளிப்பு உரையில் டார்வினைப் பாராட்டிப் பேசுகிறார். நிர்வாகத்துக்குப் பொறுக்கவில்லை, அவர் விலக நேர்கிறது. மாணவர்கள் கிளர்ந்தெழுகிறார்கள், வேறு சில ஆசிரியர்களும் வெளியேறுகிறார்கள். 1909 இல் இன்னொரு கிளர்ச்சி. முஸ்லிம் மாணவர்கள், அவர்களோடு யூத மாணவர்கள், கட்டாய சேப்பலுக்கு வரமாட்டோம் என்று நிற்கிறார்கள். பாதிப்பெட்டி, உங்கள் முதல் தாள் பற்றிய சண்டைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

கொரியாவிலும் இதே வழக்கு நீதிமன்றம் வரை போனது. சியோலில் உள்ள சூங்சில் பல்கலைக்கழகத்தில் சேப்பல் முடிக்காததால் பட்டம் கிடைக்காத மாணவர் வழக்குத் தொடுத்தார். 1998 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது. கட்டாயக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அதே சூங்சிலுக்கு இன்னொரு வரலாறு உண்டு. 1897 இல் பியோங்யாங்கில் தொடங்கியது. ஜப்பானியர் ஆட்சியில் எல்லாப் பள்ளி, கல்லூரிகளும் ஷிண்டோ ஆலயத்தில் தலைவணங்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, வணங்கமாட்டோம் என்று சொல்லி 1938 இல் கல்லூரியையே மூடிவிட்டார்கள். 1954 இல்தான் சியோலில் மறுபடி தொடங்கினார்கள். வேறொருவர் வழிபாட்டில் கட்டாயமாகக் குனியமாட்டோம் என்று கதவைச் சாத்தியவர்கள், அறுபது வருடம் கழித்து நீதிமன்றத்தில் எந்தப் பக்கம் நின்றார்கள்? இரண்டும் ஒன்றில்லை என்று வக்கீல் சொல்வார், அரசு உத்தரவு வேறு, தானாகத் தேர்ந்தெடுத்துச் சேர்ந்த கல்லூரி வேறு என்பார். வாதம் சரிதான். இருந்தாலும் எனக்கு அது உறுத்துகிறது.

இந்தியாவில் நிலைமை வேறு. அரசியலமைப்பின் 28(3) ஆம் பிரிவின்படி, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் மதப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்த முடியாது. படிப்பவர் சிறுவயது என்றால் பாதுகாவலர் சம்மதம் வேண்டும்.

#13 மூன்றாவது_பாதை
வலப்பக்கப் படத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே. நான் ஓட்டக்காரன், கேட்டால் பேசிக்கொண்டே இருப்பேன்.

2021 ஏப்ரல், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ஆண்கள் இறுதிப்போட்டி. ஒருபக்கம் பேய்லர், பாப்திஸ்துகள். மறுபக்கம் கொன்சாகா, இயேசு சபையினர். கொன்சாகா அதுவரை 31 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. பேய்லர் 86-70 என்று சாத்திவிட்டது. இரண்டு பக்கமும் ஜெபித்துவிட்டுத்தான் இறங்கியிருப்பார்கள். கடவுள் எந்தப் பக்கம் என்று கேட்டால் அன்றைக்கு மூன்று புள்ளி வீச்சின் பக்கம் என்றுதான் சொல்லவேண்டும்.

கோப்பையையும் விசுவாசத்தையும் ஸ்டேப்ளர் பின்னுக்கு மேல் ஏதாவது சேர்க்கிறதா என்றால், எனக்குத் தெரிந்த ஒரே இடம் ஞாயிற்றுக்கிழமை. பிரிகம் யங் பல்கலைக்கழகம் ஞாயிறன்று எந்தப் போட்டியிலும் இறங்காது. அட்டவணை போடுகிறவர்கள் அதற்கேற்ப வளைந்துகொடுக்கிறார்கள். அதோடு 2024 இல் ஆண்கள், பெண்கள் என்று தேசியக் குறுக்கோட்டப் பட்டம் இரண்டையும் அள்ளிக்கொண்டு போனது. கோப்பைக்கு முன் ஜெபிப்பது சுலபம். கோப்பை கைவிட்டுப் போகும் என்று தெரிந்தும் ஒரு நாளை விட்டுக்கொடுப்பது வேறு கணக்கு.

#14 அமைதிப்புறா
பிரிகம் யங் மார்மன்களுடையது. அதைக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? திரித்துவத்தை ஏற்காதவர்கள்

#15 நெறியாளர்
இந்தத் தலைப்புக்கு ஏற்கனவே இரண்டு இழைகள் பூட்டப்பட்டுவிட்டன. மூன்றாவது வேண்டாம். தொடருங்கள்.

#16 எதிர்க்கட்சி
பேய்லர் பெயரை எடுத்தீர்கள், நன்றி. அங்கேயே நில்லுங்கள்.

2016. பாலியல் வன்முறைப் புகார்களைப் பல்கலைக்கழகம் கையாண்ட விதம் பற்றி வெளியார் விசாரணை நடந்து, நிர்வாகக் குழுவே தோல்வியை ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டது. தலைவர் பதவியிலிருந்து கென் ஸ்டார் நீக்கப்பட்டார், கால்பந்துப் பயிற்சியாளர் வேலை போனது. அப்போது பல இடத்தில் பேசப்பட்ட ஒரு விஷயம்: தாக்கப்பட்ட மாணவி புகார் கொடுக்க வந்தால், 'அன்று நீ குடித்திருந்தாயா, அந்த அறையில் அந்த நேரத்தில் உனக்கு என்ன வேலை' என்று உறுதிமொழி அவள் பக்கமே திரும்பும். அந்தப் பயத்திலேயே வாய் திறக்காதவர்கள் உண்டு. அதே ஆண்டு பிரிகம் யங்கிலும் இதே பிரச்சினை வெடித்தது. புகார் கொடுப்பவர் மீது உறுதிமொழி மீறல் நடவடிக்கை கிடையாது என்று விதியை மாற்றினார்கள்.

தங்கை, சேப்பலை விடுங்கள், அது வாரத்துக்கு நாற்பது நிமிடம். அந்த இரண்டாவது தாளில் இந்த விலக்கு எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 'நாங்கள் அன்போடு நடந்துகொள்வோம்' என்று வாய்மொழியாகச் சொன்னால் போதாது. எழுத்தில் வேண்டும்.

#17 பாதிப்பெட்டி
இரண்டு முறை படித்தேன். இல்லை. ஆனால் 'மாணவர் கையேட்டைப் பார்க்க' என்று இருக்கிறது. கையேட்டைக் கேட்டு எழுதுகிறேன். அண்ணா, நன்றி.

#18 ஆல்டோ_இரண்டு
எல்லோரும் சட்டம், வரலாறு என்று எழுதுகிறீர்கள். ஒரு நாள் எப்படிப் போகும் என்று அவளுக்கு யாரும் சொல்லவே இல்லை.

நான் பாடகர் குழுவில் நான்கு வருடம் இருந்தேன். குழுவில் கால்வாசிப் பேர் கிறிஸ்தவர்கள் இல்லை. அவர்களுக்கு இசை பிடிக்கும், அவ்வளவுதான். ஒத்திகை தொடங்கும் முன் ஜெபம் உண்டு. அப்போது சிலர் கண்ணை மூடுவார்கள், சிலர் நோட்டில் பென்சிலால் மூச்சு எடுக்கும் இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். யாரும் யாரையும் பார்த்து முகம் சுளிக்கமாட்டார்கள். பக்கத்தில் நிற்பவள் மூச்சு விடும் சத்தம் கேட்டுத்தான் நான் எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று தெரியும். இருவரும் ஒரே இடத்தில் எடுத்தால் பாட்டில் ஓட்டை விழும். அந்தப் பழக்கம் எனக்குச் சேப்பல் பிரசங்கம் எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லிக்கொடுத்தது.

எரிச்சல்களும் உண்டு. 'ரட்சிக்கப்பட்டாயா?' என்று முதல் வாரத்திலேயே கேட்பவர்கள் இருப்பார்கள். உன் பதில் எதுவானாலும் அடுத்த வாரம் மறுபடி கேட்பார்கள். யாராவது காதலித்தால் பிரிவதற்குக்கூட 'கர்த்தர் வழிகாட்டினார்' என்று காரணம் சொல்வார்கள். கர்த்தருக்கு வேறு வேலையே இல்லையா என்று தோன்றும். 'ஜெபத்தில் வைத்துக்கொள்கிறேன்' என்பதற்கு மூன்று பொருள் உண்டு: உண்மையாகவே ஜெபிப்பேன், இந்தப் பேச்சை இத்தோடு முடித்துக்கொள்வோம், உன்னைப் பற்றி இன்னும் நாலு பேரிடம் சொல்லப் போகிறேன். எது எப்போது என்று கண்டுபிடிக்க ஒரு பருவம் ஆகும்.

நடனத்துக்குத் தடை இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள். வீட்டனில் 2003 வரை இருந்தது. பேய்லரில் இன்றும் ஆடக் கூடாது.

#19 மூன்றாவது_பாதை
பேய்லரில் 1996 இலேயே தடையை எடுத்துவிட்டார்கள் அக்கா. நூற்றைம்பது வருடம் பொறுத்திருந்து ஆடினார்கள்.

#20 ஆல்டோ_இரண்டு
அப்படியா, திருத்திக்கொள்கிறேன். எங்கள் இடத்தில் நான் படித்து முடித்த மறுவருடம் எடுத்தார்கள். அந்தக் கோபத்தில் எல்லோர் மேலும் பழி போடுகிறேன்.

#21 அமைதிப்புறா
பூட்டாதீர்கள், இது வேறு விஷயம். கட்டாய சேப்பலில் எதுவும் நடக்காது என்கிறவர்கள் ஆஸ்பரி பல்கலைக்கழகத்தை மறந்துவிட்டீர்கள். 2023 பிப்ரவரி 8, புதன்கிழமை, கென்டக்கியில் வில்மோர் என்ற சின்ன ஊர். வழக்கமான, கட்டாய சேப்பல். பேசியவர் தன் பிரசங்கம் சொதப்பிவிட்டது என்று மனைவிக்குச் செய்தி அனுப்பினாராம். முடிந்ததும் சில மாணவர்கள் கலையாமல் பாடிக்கொண்டே இருந்தார்கள். வகுப்புக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அந்த வழிபாடு இரண்டு வாரத்துக்கு மேல் ஓயாமல் தொடர்ந்தது. பல்லாயிரம் பேர் வெளியூர்களிலிருந்து வந்து வரிசையில் நின்றார்கள். பெரிய பேச்சாளர் யாருக்கும் மேடை கொடுக்கவில்லை. 1970 இலும் அதே அரங்கத்தில் இப்படி ஓர் எழுப்புதல் நடந்தது.

#22 பின்வரிசை
புறா சொல்வது நியாயம்தான். என் கணக்கில் இது பொருந்தவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவனியுங்கள், வருகைப்பதிவு முடிந்த பிறகு போகாமல் இருந்தவர்களிடமிருந்துதான் அது தொடங்கியது. ஸ்கேனர் பிடித்தவன் கண்ணுக்கு அது முக்கியமாகப் படுகிறது.

#23 பழையகாகிதம்
சாதனை என்ற சொல்லைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் படித்தவர் ராதாகிருஷ்ணன், பிறகு குடியரசுத் தலைவர் ஆனவர். இந்து மதத்தை மிஷனரிகள் விமர்சித்தது அவரைக் குத்தியது. வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாகவே முதுகலை ஆய்வேட்டை எழுதினார். அதைப் படித்துப் பாராட்டியவர் அங்கே கற்பித்த ஸ்காட்லாந்து மிஷனரி ஏ. ஜி. ஹாக். தன் பக்கத்துக்கு எதிராக எழுதிய மாணவனை நன்றாக எழுதியிருக்கிறான் என்று சொல்லத் தெரிந்த ஆசிரியர். எந்தக் கையேட்டின் வலப்பக்கத்திலும் இந்தப் படத்தைப் போடமாட்டார்கள். நான் நிர்வாகத்தில் இருந்தால் முதலில் இதைத்தான் போடுவேன்.

#24 எதிர்க்கட்சி
ஹாக் போன்றவர் என் குழுவில் இருந்திருந்தால் நான் இந்தப் பெயரில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

#25 பாதிப்பெட்டி
ஒன்பதாவது நாள். கையேடு வந்துவிட்டது. நாற்பத்தோராவது பக்கத்தில் இருக்கிறது: தாக்குதல் பற்றிப் புகார் கொடுப்பவர்மீதும் சாட்சி சொல்பவர்மீதும் உறுதிமொழி மீறலுக்காக நடவடிக்கை எடுக்கப்படாது. எழுத்தில். எதிர்க்கட்சி அண்ணாவுக்காக அந்த வரியைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன்.

அப்புறம் போதகர் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். நான் உங்கள் மதம் இல்லை, சேப்பலில் என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். 'உட்கார வேண்டும்' என்றார் ஒரு அம்மா. பாட வேண்டுமா? வேண்டாம். கண் மூட வேண்டுமா? வேண்டாம். பாடப்புத்தகம் படிக்கலாமா என்று தயங்கித்தான் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'பக்கம் திருப்பும் சத்தம் கேட்காமல் படிக்க முடிந்தால் படி, எனக்கு முன்னால் உட்காராதே' என்றார். சிரிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

யாராவது உறுதிமொழியை மீறினால் முதலில் என்ன நடக்கும் என்றும் கேட்டேன். யார் புகார் கொடுக்கிறார்களோ அவர் முதலில் அந்த மாணவரிடம் பேசினாரா என்று கேட்போம், பேசவில்லை என்றால் போய்ப் பேசிவிட்டு வா என்று அனுப்புவோம் என்றார். ஆபத்தான விஷயம் என்றால் மட்டும் நேரடியாக எடுத்துக்கொள்வார்களாம். எப்போதும் அப்படியே நடக்கிறதா என்றதற்கு, 'எப்போதும் என்று சொன்னால் பொய்' என்றார்.

அந்தக் கடைசி பதிலுக்காகக் கையெழுத்துப் போட்டேன்.

#26 சாக்பீஸ்
நல்லதம்மா. முதல் பருவத்தில் எட்டு மணி வகுப்பு எடுக்காதே, சேப்பலுக்கும் அதற்கும் நடுவே ஓட நேரம் இருக்காது.

#27 பின்வரிசை
அரங்கத்தில் பக்கக் கதவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து எழுது. உபயோகிக்க வேண்டாம், சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

#28 எதிர்க்கட்சி
நாற்பத்தோராவது பக்கத்தை எனக்கும் அனுப்பு.